அலுமாரியும் அட்டவணையும்: வீட்டு நூற்றொகுதி பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

வீட்டிலே நூல்களைச் சேர்த்து வைத்தல் நம்மிடையே ஐயத்துக்கிடமில்லாத நற்பண்பாகக் கருதப்பட்டு வருகின்றது. அறிஞர் ஒருவரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளுள், அவர் எத்தனை ஆயிரம் நூல்களை வைத்திருந்தார் என்னும் செய்தி பெரும்பாலும் தவறாது இடம்பெறும். அந்நூல்களை யார் எடுத்துப் படித்தனர், அவருக்குப் பின்னர் அவை எங்கே சென்றன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. தொகை புகழப்படுகின்றது, பயன் ஆராயப்படுவதில்லை. கவிதையொன்றையோ நாவலொன்றையோ மதிப்பிடுவதற்கு அளவுகோல்களைத் தேடும் நாம், நூற்றொகுதியொன்றை மதிப்பிடுவதற்கும் அளவுகோல் வேண்டுமென எண்ணுவதில்லை. அத்தகைய அளவுகோலொன்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்குத் துணையாக 1931ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு எழுத்துக்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்'. மற்றையது, செருமானியத் திறனாய்வாளர் வால்டர் பெஞ்சமின், பெட்டிகளில் அடைந்து கிடந்த தம் நூல்களை வெளியே எடுத்து அடுக்கும் வேளையை வைத்து எழுதிய கட்டுரை. முன்னவர் பொது நூலகத்தின் சார்பில் நின்று பேசுகின்றார். பின்னவர் தனிச் சேகரிப்பாளனின் சார்பில் நின்று பேசுகின்றார். ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு குரல்களுக்கும் இடையே உள்ள முரண்பாடே நமது பிரச்சினையின் மையம் எனலாம். இவ்விரு கருத்துக்களையும் மன்னார் மாவட்டத்தின் நறுவிலிக்குளத்திலுள்ள எங்கள் வீட்டு அலுமாரியின் முன் நிறுத்திப் பார்க்க விரும்புகின்றேன். கோட்பாடு எங்கே பிறந்ததாயினும் அதனை உரசிப் பார்க்கும் கல் நம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலிற் பெஞ்சமினை நோக்குவோம். அவருக்கு நூல் என்பது படிக்கப்படும் பொருள் மட்டுமன்று. அது எந்த நகரில், எந்த ஏலத்தில், எந்த நிலையில் வாங்கப்பட்டது என்னும் நினைவுகளைத் தாங்கி நிற்கும் பொருளாகும். இத்தனை நூல்களையும் படித்து விட்டீர்களா என்று வினவிய ஒருவருக்கு, பத்திலொரு பங்கு கூடப் படிக்கவில்லை, உங்கள் வீட்டு விலையுயர்ந்த பீங்கான் பாத்திரங்களில் நீங்கள் நாள்தோறும் உணவருந்துகின்றீர்களா என்று அனத்தோல் பிரான்ஸ் கேட்டதாக வழங்கும் கதையை அவர் உவப்போடு எடுத்துக் கூறுகின்றார். பொதுத் தொகுதிகள் சமூக நோக்கிற் குறை கூறப்படாதவையாக இருக்கலாம். எனினும் பொருள்கள் தமக்குரிய மதிப்பைப் பெறுவது தனியார் தொகுதியிலேயே என்பதும், உடையவனை இழந்த தொகுதி தன் பொருளையும் இழந்து விடுகின்றது என்பதும் அவரது நிலைப்பாடாகும்.

இக்கருத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆயினும் பீங்கான் பாத்திர உவமை சிந்தனைக்குரியது. காட்சிக்கு வைக்கப்படும் பாத்திரம் அந்த வீட்டாரின் தகுதியைப் பிறருக்கு அறிவிப்பதற்கென்றே வைக்கப்படுகின்றது. நம் ஊர்களில் முன் விறாந்தையிலோ மண்டபத்திலோ நிற்கும் கண்ணாடி அலுமாரிக்கும் இப்பணி உண்டு. நானாட்டான் பகுதியின் வயற் கிராமங்களில், ஒரு தலைமுறைக்கு முன்னர், அலுமாரி நிறைய நூல் வைத்திருக்கக் கூடிய வீடுகள் ஆசிரியர் வீடுகளும் எழுதுவினைஞர் வீடுகளுமே. வயலில் நின்றவர்களின் வீடுகளில் செபப் புத்தகமும் பிள்ளைகளின் பாடநூலும் இருந்தன. கண்ணாடிக்கு உட்பட்ட நூல், படித்தவர்க்கும் படியாதவர்க்கும் இடையே எழுப்பப்பட்ட ஒரு வேலியாகவும் இருந்தது என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உடைமை இன்பத்தை நுட்பமாக ஆராயும் பெஞ்சமின், அந்த உடைமைக்கு வெளியே நிற்பவனை இக்கட்டுரையிற் கண்டுகொள்ளவில்லை.

இனி இரங்கநாதனை நோக்குவோம். கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் நூலகப் பணிக்கு வந்தவர் அவர். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளன என்பது அவரது முதல் விதி. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனை அடைய வேண்டும். வாசகனின் நேரம் வீணாகாது காக்கப்பட வேண்டும். நூலகம் வளரும் உயிரி என்பதை உணர வேண்டும் என்பன ஏனைய நான்கும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த வரலாற்றை எடுத்துக்காட்டி முதல் விதியை அவர் விளக்குகின்றார். அதனைப் படித்தபோது எங்கள் அலுமாரியின் சின்னஞ்சிறு பூட்டே என் நினைவுக்கு வந்தது. சங்கிலி போய்விட்டது, பூட்டு இருக்கின்றது.

ஐந்தாம் விதி வீட்டு நூற்றொகுதிக்கும் நேரடியாகப் பொருந்துவது. வளர்தல் என்பதற்குப் பெருகுதல் என்று மட்டுமே நாம் பொருள் கொள்கின்றோம். ஆனால் எந்த உயிரியும் கொள்வது மட்டும் செய்து கழிப்பது செய்யாது வாழ முடியாது. இலையுதிராத மரம் இல்லை. புதியது வருகின்றது, பழையது எங்கும் போவதில்லை என்றால், அதனை வளர்ச்சி என்பதிலும் வீக்கம் என்பதே பொருந்தும். வீட்டுத் தொகுதிகள் பெரும்பாலும் இவ்வாறே வீங்குகின்றன.

எங்கள் வீட்டு நிலைமையை ஈண்டு எடுத்துரைத்தல் பொருத்தமாகும். அப்பாவின் நூல்கள் முதலில் ஓர் அலுமாரியில் இருந்தன. பின்னர் இரண்டு இறாக்கைகள் வந்தன. அதன் பின்னர் நெல்மூடை அடுக்கும் அறையின் ஒரு பாதியை அவை பிடித்துக்கொண்டன. சென்ற விடுமுறையில் நானும் தங்கையும் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பட்டியலிட முற்பட்டோம். ஒன்பது நாட்கள் சென்றன. எண்ணிக்கை ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டது. வீரகேசரிப் பிரசுர நாவல்கள், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மொழிபெயர்ப்புக்கள், 'மல்லிகை' இதழ்கள், மடுத் திருவிழாக் கடைகளில் வாங்கிய செபப் புத்தகங்கள், கோவில் திருவிழா மலர்கள், காலாவதியான பாடத்திட்டங்களின் வழிகாட்டி நூல்கள், கடந்தகால வினாத்தாள் தொகுப்புக்கள் எனப் பலவும் கலந்து கிடந்தன. ஒரே இலக்கண நூலின் மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் இருந்தன. முதலிரண்டும் இருப்பது தெரியாமலே மூன்றாவது வாங்கப்பட்டிருக்க வேண்டும். அட்டவணை இல்லாத இடத்தில் உடையவனுக்கே தன் உடைமை தெரியாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

பகுப்புப் பற்றியும் ஒரு சொல். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பை வீட்டிலே பின்பற்றலாம் என எண்ணினேன். தமிழிலக்கியத்துக்கு அப்பகுப்பிலுள்ள எண் 894.811. எங்கள் நூல்களிற் பெரும்பகுதி அந்த ஓர் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டது. உலக அறிவு முழுவதையும் பத்தாகப் பிரிக்கும் திட்டத்தில், ஒரு தமிழ் வீட்டின் அறிவு ஏறக்குறைய ஒரு புள்ளியாகிவிடுகின்றது. ஆகவே, யாருக்குப் பயன்படும் என்ற அடிப்படையிற் பிரித்தோம்: நாங்கள் திரும்பத் திரும்ப எடுப்பவை, ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுபவை, வேறெங்கும் எளிதிற் கிடையாதவை, ஒருவருக்கும் உதவாதவை. இப்பகுப்பு இரங்கநாதனின் முதல் மூன்று விதிகளிலிருந்து பிறந்ததே.

நான்காவது பிரிவை அப்பாவிடம் காட்டியபோதே சிக்கல் தொடங்கியது. அவர் பட்டியலை முழுமையாகப் படித்துவிட்டு, "இருக்கிறது இருக்கட்டும் பிள்ளை. ஒருக்கா இழந்தவனுக்குத்தான் அதின்ர அருமை தெரியும்" என்று மட்டும் கூறினார். அக்கூற்றை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னே ஒரு வரலாறு உண்டு.

என் பாட்டனார் ஓர் ஆசிரியர். அவரிடம் இருந்த நூல்கள் ஊரிலே பெயர் பெற்றவை. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது மன்னார்ப் பெருநிலப்பரப்பின் மக்கள் பலர் மடுத் திருப்பதியிலும், கடல் கடந்து தமிழகத்திலும் தஞ்சம் புகுந்தனர். எங்கள் குடும்பம் ஒரு றங்குப் பெட்டியோடு மடுவுக்குச் சென்றது. பெட்டியிற் காணி உறுதிகளும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும், சில உடுப்புக்களும், நூல் இரவல் கொடுத்த விபரங்களைப் பாட்டனார் குறித்து வைத்திருந்த ஒரு கொப்பியும் இருந்தன. நூல் ஒன்று கூட இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னர் திரும்பி வந்தபோது கூரை இல்லை. அலுமாரி இருந்த இடத்தில் கறையான் புற்று இருந்தது. வாடைக் காற்றின் மழையும் கறையானும் எஞ்சியவற்றை மண்ணாக்கியிருந்தன.

பாட்டனார் அக்கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். இரவல் பெற்றவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. ஆயினும் காலப்போக்கிற் பதினொரு நூல்கள் திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்று, மண்டபம் முகாமிற் பல ஆண்டுகள் வாழ்ந்து மீண்ட குடும்பம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தது. முகாமில் அந்நூலைப் பலர் மாறி மாறிப் படித்ததாக அவர்கள் கூறினர். அதன் அட்டை மும்முறை ஒட்டப்பட்டிருந்தது. இன்று எங்கள் வீட்டில் உள்ள பாட்டனாரின் நூல்கள் இப்பதினொன்றே. அதாவது, அவர் பூட்டி வைத்தவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை. பிறர் கையிற் கொடுத்தவற்றுட் சில எஞ்சின. இரவல் கொடுத்த நூல் திரும்பி வராது என்று நாம் வழமையாகக் கூறுவதுண்டு. எங்கள் வீட்டில் இரவல் கொடுத்த நூல் மட்டுமே திரும்பி வந்தது.

இவ்வனுபவத்தை வைத்துக்கொண்டு இரங்கநாதன் வென்றார், பெஞ்சமின் தோற்றார் என முடிவு கூறுதல் எளிது. ஆனால் யாழ்ப்பாணத்தின் வரலாறு அம்முடிவைத் தடுக்கின்றது. யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் தொடக்கமே ஒரு வீட்டு நூற்றொகுதிதான். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். அம்முயற்சி அடுத்த ஆண்டில் ஒரு குழுவின் பொறுப்பில் நூலகமாயிற்று. 1959இல் எழில்மிகு கட்டடத்திற் குடியேறியது. அந்நூலகத்தின் திட்டத்துக்கு ஆலோசனை வழங்கியோருள் இரங்கநாதனும் ஒருவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வீடு ஊராக விரிந்த அருமையான எடுத்துக்காட்டு இது. தனியார் தொகுதிகள் பலவும் அங்கே சென்று சேர்ந்தன. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எழுந்த வன்செயல்களின்போது அது எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தம் நூல்களை நம்பிக்கையோடு ஊருக்குக் கொடுத்தவர்களின் கொடையும் அத்துடன் எரிந்தது.

ஐந்து விதிகளும் ஓர் அமைதியான நிலையை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. நூலகத்தைக் காக்கும் அரசும், நூலகம் நிலைத்து நிற்கும் ஊரும் உண்டு என்பதே அவற்றின் அடிப்படை. அந்த அடிப்படை ஆட்டங்காணும் இடத்தில் விதிகள் என்ன செய்யும் என்ற வினாவுக்கு அவற்றில் விடையில்லை. மறுபுறத்திற் பெஞ்சமினின் வாழ்வும் இதே வினாவையே எழுப்புகின்றது. 1933இற் செருமனியை விட்டு வெளியேறிய அவர், 1940இல் ஸ்பெயின் எல்லையிலுள்ள போர்ட்போ என்னும் ஊரில் உயிர்துறந்தார். நூல்களை உடைமையாகக் கொண்டாடியவர் அவ்வுடைமையை முழுமையாகத் தம்மோடு கொண்டுசெல்ல இயலாத அகதியாகவே மறைந்தார். வீடும் நிலையில்லை, பொது நூலகமும் நிலையில்லை எனின், நூல் எங்கே நிலைக்கும்?

இதற்கு நம் பதிப்பு வரலாறே ஓரளவு விடை தருகின்றது. 1887இல் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும், ஈழத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தன. ஏடுகள் பல வீடுகளிலும் மடங்களிலும் சிதறிக் கிடந்தமையாலேயே ஒன்றிற் சிதைந்ததை மற்றொன்றிலிருந்து நிரப்ப அவர்களால் முடிந்தது. யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றுள் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஏட்டுப் பிரதியும் ஒன்றெனக் கூறப்படுகின்றது. எனினும் அந்நூலை நாம் இழக்கவில்லை. 1879இலேயே பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். தமிழிலும் அது அச்சேறியிருந்தது. ஏடு அழிந்தது, நூல் அழியவில்லை. ஆகவே, காப்பது பூட்டுமன்று, கட்டடமுமன்று; பிரதிகளின் பரவலே காக்கின்றது.

பரவலுக்கு முன் வேண்டுவது அட்டவணை. எது இருக்கின்றது என்று தெரிந்தாலன்றி எதனைப் பிரதி செய்வது என்று தெரியாது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர் 1950 முதல் நூல்களையும் இதழ்களையும், பிறர் குப்பையென எறிந்த நாடக விளம்பரத் துண்டுகளையும் கூடச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் 1994இற் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கியது. ஆயினும் அதனைச் சென்னையிலேயே வைத்து, அட்டவணைப்படுத்தி, நுண்படமாக்கி ஆய்வாளர்க்குப் பயன்படச் செய்தது. முத்தையாவின் பெருமை தொகையில் மட்டுமென்றால், அது அவர் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே முடிந்திருக்கும். அவருக்குப் பின்னர் பிறர் செய்த அட்டவணைப் பணியும் பிரதிப் பணியுமே அத்தொகுதியைத் தமிழுலகின் சொத்தாக்கின. தொகுதியின் உயர்ந்த பண்பு அடுத்தவர்க்குக் கைமாறத் தக்கதாக இருத்தலே என்று பெஞ்சமினும் ஓரிடத்திற் கூறுகின்றார். சேகரிப்பாளனின் மனநிலை வழியுரிமையாளனின் பொறுப்புணர்ச்சியே என்னும் அவ்விடத்தில் அவர் இரங்கநாதனுக்கு மிக நெருங்கி வருகின்றார். அவரது கட்டுரையில் நாம் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதி பீங்கான் பாத்திரக் கதையன்று, இதுவே.

இக்கருத்து மன்னார்ப் பிரதேசத்துக்கு மிகவும் வேண்டியதொன்று. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகையாக வழங்கும் எங்கள் நாட்டுக்கூத்துக்களின் கைப்பிரதிகள் அண்ணாவிமார் வீடுகளிற் போற்றி வைக்கப்பட்டன. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் முயற்சியால் மூவிராசாக்கள், என்றீக் எம்பரதோர் முதலியன அச்சேறின. அவ்வாறு அச்சேறாதவை வீட்டுப் பெட்டிகளிலேயே தங்கின. பக்தி காரணமாகவும், தம் கூத்தை வேற்றூரார் ஆடிவிடுவர் என்ற அச்சம் காரணமாகவும் அவற்றை வெளியே கொடாத வழக்கமும் இருந்தது. எங்கள் பட்டியலிலும் பாட்டியின் தமையனார் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பி ஒன்று அகப்பட்டது. அது வினாத்தாள் கட்டொன்றின் அடியிற் கிடந்தது. உப்புக் காற்றில் அதன் கம்பித் தையல் துருவேறித் தாளைத் தின்றிருந்தது. ஆயிரம் நூல்களுக்குள் அந்த ஒன்றுதான் உலகில் வேறெங்கும் இல்லாதது. அதன் இருப்பை அறியாமலே நாங்கள் வாழ்ந்திருக்கின்றோம். வேண்டாதவற்றைக் கழிக்க மறுப்பது, வேண்டியதைக் கவனியாது விடுவதாகவே முடிந்திருக்கின்றது.

இதனை அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர் அவரே துருவேறிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நூலினால் தைத்தார். அதன் பக்கங்களைப் படமெடுத்து ஒரு பிரதியைத் தமையனாரின் குடும்பத்துக்கும், ஒரு பிரதியைக் கொழும்பிலுள்ள உறவினருக்கும் அனுப்பினோம். ஈழத்து எழுத்துக்களை 2005 முதல் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அதனையும் திருவிழா மலர்களையும் வழங்குவதற்கு அப்பா இசைந்துள்ளார். மேலதிகப் பிரதிகளும் பிள்ளைகளுக்குரிய கதை நூல்களும் ஊர் வாசிகசாலைக்கென ஒதுக்கப்பட்டன. இறாக்கைகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டுள்ளன. சீ.ஆர். கொப்பியின் பிரதியொன்று என்னிடம் விடுதியில் இருக்கின்றது. நான்காம் பிரிவு நூல்களை மட்டும் அப்பா இன்னும் விடவில்லை. அவை நெல் அறையிலேயே உள்ளன. அவ்விடயத்தில் நான் அவரை மேலும் வற்புறுத்தவில்லை. இழந்தவர் ஒருவரின் அச்சத்தை இழக்காத ஒருவன் ஒரு விடுமுறைக்குள் விவாதித்துத் தீர்த்துவிட முடியாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நூற்றொகுதியொன்றை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை எனத் தோன்றுகின்றது. அதிலுள்ளவற்றை உடையவரல்லாத ஒருவர் அறிய வழியுண்டா? அதிலுள்ளவற்றை உடையவரல்லாத ஒருவர் படித்திருக்கின்றாரா? அத்தொகுதி நாளை அழிந்தால், அதிலுள்ள அரியது வேறோரிடத்தில் எஞ்சுமா? எண்ணிக்கை பற்றிய வினா இவற்றுள் இடம்பெறவில்லை. பத்தாயிரம் நூல்களைக் கொண்ட ஒரு வீடு இம்மூன்று வினாக்களுக்கும் இல்லையென்று விடை கூறக்கூடும். ஓர் இரவற் கொப்பியும் பதினொரு நூல்களும் மட்டும் கொண்ட வீடு முதலிரண்டுக்கும் ஆமெனக் கூறும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நம்மிற் பலர், வீட்டில் முதன்முதலாக அலுமாரி நிறைய நூல் சேர்க்கும் தலைமுறையினர். வேறு சிலர், ஒருமுறை இழந்த அலுமாரியை மீண்டும் நிரப்பும் தலைமுறையினர். அடுத்த நூலை வாங்குவதற்கு முன்னர் ஒரு கொப்பியை வாங்குவோமாக. அதன் இடப்பக்கத்தில் நம்மிடம் உள்ளவற்றையும், வலப்பக்கத்தில் அவை இப்போது யாரிடம் உள்ளன என்பதையும் எழுதுவோமாக. வலப்பக்கம் வெறுமையாக இருக்குமாயின் நம் தொகுதி இன்னும் பயன்படத் தொடங்கவில்லை என்பதே அதன் பொருளாகும்.